ஆறாவது ஆணி

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. செய்தித்தாளில் வந்ததை வெட்டிப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டது. வேலூர் மைதானத்தில், நெஞ்சில் எண் குத்திய பனியனோடு, என் அத்தை மண்ணில் மண்டியிட்டிருக்கிறாள். அவளுடைய இரண்டு கைகளிலும் தாத்தாவின் இடது பாதம். தாத்தா ஒரு கையை அவள் தலைமேல் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கிறார். ‘வெற்றியைத் தந்தையின் பாதத்தில் சமர்ப்பித்த வீராங்கனை’ என்று கீழே அச்சாகியிருக்கிறது.

வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிடம் நிற்பார்கள். “இந்தக் காலத்துப் பசங்களுக்கு இதெல்லாம் எங்க வருது” என்று பெருமூச்சு விடுவார்கள். அத்தை ஊரில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டிருப்பாள். படத்தின் வலது ஓரத்தில், பாதி முகம் வெட்டுப்பட்டு, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஒன்பது வயதுப் பெண் நான்தான். பக்தியில் பிளந்த வாய் அல்ல அது. மாட்டிக்கொண்டோம் என்று பிளந்த வாய்.

அத்தையை இன்று டாக்டராகத்தான் ஊருக்குத் தெரியும். சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்க்கிற நிபுணர். பார்ப்பது போதாதென்று கால்களைப் பற்றி ஆராய்ச்சி வேறு. ஏதேதோ நாடுகளுக்குப் போய், மேடையேறி, ஒரு மணி நேரம் உள்ளங்காலைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு வருகிறாள். அதற்கு முன்னால் நாட்டின் பெயர் போட்ட பனியனோடு எண்ணூறு மீட்டர் ஓடியவள். பல வருடம் ஓடிவிட்டு, மற்றவர்கள் படித்து முடிக்கும் வயதில் மருத்துவம் படிக்க ஆரம்பித்தவள். அதற்கெல்லாம் முன்னால், ஆம்பூரில் எங்கள் வீட்டில், என் தட்டிலிருந்து வடையைப் பிடுங்கித் தின்கிறவளாக இருந்தாள். நான் சொல்ல வருவது அந்தக் காலம்.

தினமும் விடியற்காலையில் பாலாற்று மணலில் ஓடுவாள். ஆற்றில் தண்ணீர் இல்லாததை ஊரே குறை சொல்லும். அத்தை மட்டும் சொல்லமாட்டாள். மணலில் ஓடி முடித்துத் தார்ச்சாலைக்கு ஏறும்போது, ஷூ கம்பெனி பஸ்கள் வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரும். ஜன்னலோரத்துப் பெண்கள் டிபன் டப்பாவைத் தட்டித் தாளம் போட்டு, “ஓடுறி, ஓடுறி, எங்க டிரைவருக்குக் கொஞ்சம் ரோஷம் வரட்டும்!” என்று கத்துவார்கள். அத்தை அடுத்த நிறுத்தம் வரைக்கும் பஸ்ஸோடு போட்டி போடுவாள். அவள் பின்னால் நானும் ஓடுவேன். பத்து எட்டு ஓடியதும் விலா பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்துவிடுவேன். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் “நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸை முந்திட்டோம்” என்றுதான் சொல்வேன்.

அந்த வருடம் வேலூரில் ஒரு தேர்வுப் போட்டி. முதல் இரண்டு இடம் பிடிக்கிறவர்களைத் தேசியப் பயிற்சி முகாமுக்கு அழைத்துக்கொள்வார்கள். முந்தின வருடம் அத்தை அதில் மூன்றாவது வந்திருந்தாள். மூன்றாவது வந்தவளுக்கு ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார்கள். அதில்தான் அம்மா எனக்குத் தினமும் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுப்பாள். நான் அதைத் திறக்கும்போதெல்லாம் அத்தை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். “இந்த வாட்டியும் டப்பாதான்னா நான் ஓடறதையே விட்டுடறேன்” என்று அம்மாவிடம் ஒருநாள் சொன்னாள். பஸ்ஸை முந்துகிற அத்தை இல்லாமல் நான் பள்ளிக்கூடத்தில் எதைச் சொல்லிப் பிழைப்பது?

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளுடைய ஓட்ட ஷூ வாயைப் பிளந்துவிட்டது. அடியில் முள் முள்ளாகத் திருகிக்கொள்கிற ஷூ அது. அடிப்பாகம் நன்றாகத்தான் இருந்தது. மேல்பாகம் மட்டும் கிழித்த பரோட்டா மாதிரி ஆகிவிட்டது. புதிது வாங்குவதென்றால் அதன் அட்டைப்பெட்டியைத்தான் எங்களால் வாங்க முடியும். அத்தை கிழிந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்பா ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் இருந்தார். வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் மாதிரி ஷூ செய்கிற இடம் அது. கைத்தொழில் நன்றாகத் தெரிந்தவர்களைத்தான் அங்கே வைப்பார்கள். “யாரோ ஜெர்மனிக்காரன் காலுக்குப் பார்த்துப் பார்த்து செய்றேன், என் தங்கச்சி காலுக்கு செய்ய மாட்டேனா?” என்றார். சூப்பர்வைசர் பாயிடம் கேட்டு, கழித்துப்போட்ட மெல்லிய தோல் கொஞ்சமும், பாதத்தின் வடிவில் இருக்கும் ஒரு ஜோடி அச்சுக்கட்டையும் வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் வேலை ஆரம்பமானது. ஷூ செய்வதில் ஒரு முறை இருக்கிறது. முதலில், கால் மிதிக்கிற உள்ளட்டையை அச்சுக்கட்டையின் அடியில் வைத்து மூன்று சின்ன ஆணி அடித்து நிறுத்துவார்கள். அப்புறம் மேல்தோலை இழுத்துச் சுற்றி ஒட்டுவார்கள். அது பிடித்துக்கொண்டதும் அந்த மூன்று ஆணியையும் பிடுங்கிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் அடிப்பாகத்தை ஒட்டலாம். ஆணியை விட்டுவிட்டு ஒட்டினால் அவ்வளவுதான். கட்டையை உருவியதும் ஆணியின் முனை ஷூவுக்குள்ளே நிமிர்ந்து நின்றுகொண்டு, வருகிற காலுக்காகக் காத்திருக்கும்.

இரண்டு ஷூவுக்கும் சேர்த்து ஆறு ஆணி. அதைப் பிடுங்குகிற வேலை எனக்கு. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அந்த வேலையை யார் கொடுத்தது என்று அப்பாவைத் திட்டாதீர்கள். கொடுக்காவிட்டால் சாப்பிடமாட்டேன் என்று மண்ணில் புரண்டது நான். அப்பா ஆணி பிடுங்குகிற குறட்டை என் கையில் கொடுத்து, தேங்காயெண்ணெய் டப்பாவின் மூடியைப் பக்கத்தில் வைத்தார்.

“ஆறும் இதுல இருக்கணும். எண்ணிப் பார்த்து சொல்லு.”

பிடுங்கினேன். ஐந்து இருந்தது. மறுபடியும் எண்ணினேன். ஐந்துதான். ஷூவைத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது ஆணி தோல் மடிப்புக்கு அடியில் பதுங்கியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கேயோ உருண்டு ஓடியிருக்கும் என்று நினைத்தேன். தேடலாம்தான். ஆனால் பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கேட்டது. அப்பாவின் ஆணிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மூடியில் போட்டேன்.

“ஆறு ப்பா.”

அப்பா எண்ணினார். ஆறு. “சபாஷ்” என்றார். இன்று நான் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கையை விட்டு ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுதான் என் வேலை. கடவுளுக்கு என்னைவிடக் குறும்பு ஜாஸ்தி.

ஷூ தயாரானது. உள்ளே மெத்தென்று ஒரு தடித்த துணிப்பட்டையைக் குச்சியால் தள்ளி ஒட்டினார் அப்பா. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் புது ஷூவை நேராகப் போட்டுக்கொண்டு ஓட முடியாது. நடந்து பழக்க வேண்டும். கம்பெனியில் இதை வேர் ட்ரையல் என்பார்கள். யாராவது ஒரு தொழிலாளியின் காலில் மாட்டி, நடக்கவிட்டு, கடிக்கிறதா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பதவி தாத்தாவுக்கு. யாருக்குப் புதுச் செருப்பு வந்தாலும் முதலில் அவர்தான் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். அத்தைக்கும் அவருக்கும் கால் ஒரே அளவு. அதில் அத்தைக்கு வருத்தம், அவருக்குப் பெருமை.

தாத்தா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கால்தான் எங்கள் தெருவின் அதிசயம். சித்திரை வெயிலில், நாய்கூட நிழலைத் தாண்டாத நேரத்தில், தார்ச்சாலையில் வெறுங்காலோடு நின்று பேசிக்கொண்டிருப்பார். “சூடு இல்லையா தாத்தா?” என்று கேட்டால், “டேனரில இருந்து இருந்து என் தோலும் பதமாய்டுச்சுடா கண்ணு” என்பார். ஒருதரம் காலில் கண்ணாடிச் சில்லு ஏறி, அதை அம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நான் என் தோழிகளைக் கூட்டி வந்து, ஆளுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக்கொண்டு, அந்தக் காலைக் காட்டியிருக்கிறேன். டீக்கடையில் மட்டும் அவருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் தாத்தா புது ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடியில் முள் எதுவும் திருகவில்லை. டீக்கடை வரைக்கும் போனார். போகிற வழியெல்லாம், “பொண்ணு ஷூ. நாளைக்கு வேலூர்ல ஜெயிக்கப் போகுது” என்று சொல்லிக்கொண்டே போனார். யாரோ கேட்டார்கள் என்று நின்ற இடத்தில் ஒரு குதி வேறு குதித்துக் காட்டினார். திரும்பி வந்து ஷூவைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினார்.

“இன்னா நைனா, கடிக்குதா?”

“கடிக்கறதா? பஞ்சு மெத்தைடா. ஒரு குறை சொல்ல முடியாது.”

அந்தச் சான்றிதழோடு மறுநாள் நாங்கள் ஐந்து பேரும் பஸ் ஏறி வேலூர் போனோம்.

மைதானத்தில் கூட்டம், விசில், மைக். என் கையில் வேர்க்கடலைப் பொட்டலம். எண்ணூறு மீட்டர் பெண்கள் எல்லாரும் வரலாம் என்று மைக்கில் அழைத்தார்கள். அத்தை உட்கார்ந்து அடியில் முட்களைத் திருகினாள். வலது ஷூவைப் போட்டாள். இடது ஷூவைப் போட்டு எழுந்து நின்றாள்.

“ஆ!”

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் ஓடத் தயாராக நின்ற பெண் புறப்பட்டே விட்டாள். அத்தை ஷூவைக் கழற்றி வீசினாள். உள்ளங்காலில் ஒரு துளி ரத்தம் சிவப்பாக நின்றது. அப்பா ஷூவுக்குள் கையை விட்டார். அவர் முகம் வெளுத்துப்போனது.

“ஆணி. என் கையால செஞ்ச ஷூவுல ஆணி.”

மற்ற பெண்களின் ஷூவுக்கெல்லாம் முள் வெளியே இருந்தது. எங்களுடையதில் உள்ளே. அப்பா மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “ஆறு எண்ணினேனே...” என்றார். நான் அப்போது மைதானத்துக் கொடிக்கம்பம் எவ்வளவு உயரம் இருக்கும் என்று மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னா இது?” என்றாள் அத்தை. அவள் ஷூவுக்குள்ளிருந்து துணிப்பட்டையை உரித்து எடுத்திருந்தாள். ஆணி இருந்த இடத்தைச் சுற்றி, உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை.

“உன் ரத்தம்தான் பாப்பா” என்றாள் அம்மா.

“என்னுது ஒரு சொட்டு அண்ணி, இன்னும் ஈரமா கீது. இது காஞ்சி போயிருக்கு.” அவள் திரும்பி, என் பொட்டலத்திலிருந்து கடலை எடுத்துக்கொண்டிருந்த தாத்தாவைப் பார்த்தாள். “நைனா, நேத்து இதைப் போட்டுக்கினு எவ்ளோ தூரம் நடந்த?”

“டீக்கடைக்குப் போய் வந்தேன். ஏன்?”

“குத்தலயா?”

“இன்னா குத்தறது? நல்லா மெத்து மெத்துன்னு இருந்துச்சு.”

மைக்கில் கடைசி அழைப்பு வந்தது. ஆணியைப் பிடுங்கக் குறடும் இல்லை, நேரமும் இல்லை. அத்தை வலது ஷூவையும் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு கோட்டுக்குப் போனாள். போகும்போதும் இரண்டு முறை திரும்பித் தாத்தாவின் காலைப் பார்த்தாள்.

அப்போதுதான் நான் வேண்டிக்கொண்டேன். ஆம்பூர்ப் பிள்ளை ஒரு சாமியோடு நிறுத்துமா? முருகனிடம் சொன்னேன், இயேசப்பாவிடம் சொன்னேன், தோழி பாத்திமா சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கைகளையும் ஏந்தி அல்லாவிடமும் சொன்னேன். அத்தை ரெண்டாவதா வந்துட்டா, ஆணி விஷயத்தை எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்.

வெடி வெடித்தது. எட்டுப் பேர் பாய்ந்தார்கள். மைதானத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். முதல் சுற்றில் அத்தை ஆறாவது. ஓடுகிறவள் முன்னால் பார்க்க வேண்டாமா? எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பித் தாத்தாவைப் பார்த்தாள். “ஏ, முன்னாடி பாருடி! அங்க பாரு!” என்று அப்பா கம்பிவேலியைப் பிடித்து ஆட்டினார். அம்மா என் தோளைக் கிள்ளிக் கிள்ளிச் சிவக்கவைத்தாள். எனக்கு அந்த டிபன் பாக்ஸ் கண்முன்னால் வந்து நின்றது. இந்தத் தடவை ஆறாவது. டப்பாகூட இல்லை.

இரண்டாவது சுற்று ஆரம்பித்ததும் அத்தைக்கு என்ன தோன்றியதோ, தார்ச்சாலையில் பஸ்ஸைப் பார்த்ததும் வருமே ஒரு வேகம், அது வந்துவிட்டது. ஐந்தாவது. வளைவில் நான்காவது. எதிர்ப்பக்கம் போனபோது ஆளே தெரியவில்லை, புழுதிதான் தெரிந்தது. புழுதியிலிருந்து வெளியே வந்தபோது மூன்றாவதாக இருந்தாள். “ஓடுறி! ஓடுறி!” என்று பஸ்காரப் பெண்களின் கூப்பாட்டை நானே போட்டேன். வேர்க்கடலையெல்லாம் முன்வரிசைக்காரர்களின் தலையில் விழுந்தது. கடைசி இருபது எட்டில் அத்தை முன்னால் போன பெண்ணின் தோளுக்கு வந்தாள். பிறகு காதுக்கு. கோட்டைத் தொடும்போது தலையை மாடு முட்டுவதுபோல் முன்னால் நீட்டினாள்.

இரண்டாவது!

அம்மா அழுதாள். அப்பா முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்தார். நான் எகிறிக் குதித்தேன். குதித்து, பாதி உயரத்தில் வேண்டுதல் நினைவுக்கு வந்தது. முதலாவது வந்தால் என்று வேண்டிக்கொண்டிருக்கக் கூடாதா?

அத்தை பெயர் எழுதுகிறவர்களிடம் போகவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. நேராக எங்களிடம் வந்தாள். தாத்தாவின் முன்னால் மண்டியிட்டு, அவர் இடது செருப்பைக் கழற்றி, பாதத்தை இரண்டு கைகளாலும் தூக்கினாள். கூட்டம் கை தட்டியது. ஒரு கேமராக்காரர் ஓடி வந்தார்.

“ஏ, இன்னாமா இது, எல்லாரும் பாக்கறாங்க” என்று தாத்தா கூசினார். பிறகு கண் கலங்கி, வானத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் தலையில் கை வைத்தார். “நல்லா இரு. நல்லா இரு.”

அத்தை அந்தக் காலைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு துளை. அதைச் சுற்றிக் கறுத்து வீங்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில், எப்போது வந்ததென்று தெரியாத இன்னொரு பழைய புண். அவள் தன் கைவிரலால் அதை அழுத்தினாள்.

“வலிக்குதா நைனா?”

“எது?”

அந்த நேரத்தில்தான் கேமரா மின்னியது. எங்கள் ஹாலில் இருப்பது அந்தப் படம்.

சாமி குத்தம் வேண்டாமென்று நான் சொல்லியே விட்டேன். “நான்தான் அத்த. அஞ்சுதான் இருந்துச்சு. பெட்டியிலேர்ந்து ஒண்ணு எடுத்துப் போட்டுட்டேன்.” என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தைரியமாகக் கேட்ட ஒரே பாவமன்னிப்பும் வீணாகப் போனது.

பதக்கம் வாங்கிய கையோடு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாத்தாவின் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். கட்டைவிரலை மட்டும் அங்கே விட்டுவிட்டு வரும்படி ஆனது. சர்க்கரை காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்திருந்தால் காலே போயிருக்கும் என்றார்களாம். அதெல்லாம் பிறகு பெரியவர்கள் பேசிக் கேட்டது. அன்று மத்தியானம் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு.

தாத்தாவை உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்திருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. டாக்டர் ஒரு குச்சியின் முனையால் அவர் உள்ளங்காலில் இங்கும் அங்கும் குத்திப் பார்த்தார். அத்தை பக்கத்தில் நின்று, கண் இமைக்காமல், அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று வெளியே வந்தாள். கழுத்தில் பதக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

“செருப்பைக் கழட்டு. கண்ணை மூடிக்கோ.”

நடக்கப்போவது எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணை மூடினேன். உள்ளங்காலில் பால்பாயின்ட் பேனாவின் முனை நறுக்கென்று இறங்கியது.

“ஐயோ, அம்மா!”

தூரத்திலிருந்து ஒரு நர்ஸ் அதட்டினாள். அத்தையோ சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் இன்னொரு காலிலும் குத்தினாள். நான் இன்னும் பலமாக அலறினேன். அவளுக்கு அது போதவில்லை. அப்பாவை உட்காரவைத்துக் குத்தினாள், அவர் துள்ளினார். அம்மாவைக் குத்தினாள், அவள், “இன்னாடி பேஜார் பண்றே, பொது எடத்துல!” என்று காலை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொருவரும் கத்தக் கத்த அத்தையின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கால்களிலும் முத்தம் கொடுத்தாள். அவள் கண்ணீர் என் குதிகாலில் விழுந்தது.

ஆணிக்குப் பழி வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன். என் அலறலில் இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே, இவளெல்லாம் ஒரு அத்தையா என்றும் நினைத்தேன். பேனா முனைக்கே ஊரைக் கூட்டுகிற என் காலை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

உள்ளே டாக்டர், “இங்க தெரியுதா? சரி, இங்க?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். ஒவ்வொரு தடவையும் தாத்தா, “இல்லீங்களே சார்” என்று கம்பீரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குத்துக்குக்கூட அவர் முகம் சுளிக்கவில்லை. அடுத்த பெஞ்சில் ஒரு பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது எங்க தாத்தா” என்றேன். “அவருக்கு எதுவுமே வலிக்காது.”